உழைக்க வருவோர் உறங்குவது எங்கே?

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி ரொறன்ரோவில் 2025இல் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



புலம்பெயர்ந்த மண்ணில் எங்கள் பெண்களின் சாதனைகளைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். அதைப் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் உயர்தரத்தில் பொருளியல் படித்து, இங்கே வந்து, ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 24 வருடம் சம்பளக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்தது மற்றவர்களுடைய சம்பளமும் அது எங்கே போகிறது என்பதும்தான். ஆகவே தலைப்பை மாற்றித் தரும்படி கேட்டேன். பெருந்தன்மையோடு சம்மதித்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

எங்கள் விடுதியிலிருந்து தொடங்குகிறேன். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு தை மாதம் வழமையைவிடக் கூடுதலான பிள்ளைகளை விடுதிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பெட்டியும் தலையணையுமாக வந்து இறங்கிய பிள்ளைகளைப் பார்த்து மேற்றன் தலையில் கையை வைத்தார். கட்டில் இல்லை. பிள்ளையைச் சேர்க்க ஒரு நாள் போதும். கட்டில் செய்து முடிக்கத் தச்சருக்கு மூன்று மாதம் வேண்டும். அந்த மூன்று மாதமும் சிலர் ஒரே கட்டிலில் இரண்டு பேராகப் படுத்தோம். சிலர் மண்டபத்தில் பாய் விரித்தார்கள். குளியலறை வரிசைக்காக விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பினோம். அதிலே புதுப் பிள்ளைகள்மீது எங்களுக்கு ஒரு கோபமும் இருந்தது. "இவை வந்ததாலைதான் இந்தக் கரைச்சல்" என்று முணுமுணுத்தோம். பங்குனியில் கட்டில்கள் வந்தன. அந்தக் கோபமும் போய்விட்டது. அந்த வருடம் வலைப்பந்தாட்டத்தில் எங்கள் விடுதிக்கு வெற்றி தேடித் தந்தவர்களும் அந்தப் புதுப் பிள்ளைகள்தான்.

இன்றைக்கு ரொறன்ரோவில் நடப்பதும் அடிப்படையில் அதுதான். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே கட்டில்கள் இன்னும் வந்து சேரவில்லை.

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ரொறன்ரோப் பெருநகரப் பகுதியில் வாழ்பவர்களில் 46.6 வீதமானோர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். கனடா முழுவதற்கும் எடுத்தால் அது 23 வீதம். முதியோரைக் குளிப்பாட்டுகிறவர்கள், லொறி ஓட்டுகிறவர்கள், கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவர்கள், உணவகங்களில் சட்டி கழுவுகிறவர்கள், மருத்துவமனையில் மருந்து கொடுப்பவர்கள், வங்கியில் கணினி பார்ப்பவர்கள் என்று எங்கே திரும்பினாலும் வந்தேறிகளின் உழைப்புத்தான். அது இல்லாவிட்டால் இந்தப் பிராந்தியம் ஒரு கிழமைகூட ஓடாது. என் சம்பளப் பட்டியலில் இருந்த பெயர்களை வாசித்தால் உலகப் படத்தை வாசித்தது போல இருக்கும்.

2023ஆம் ஆண்டில் மட்டும் கனடாவின் சனத்தொகை ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரத்தால் கூடியது. அது 3.2 வீத வளர்ச்சி. 1957க்குப் பிறகு இப்படியொரு வளர்ச்சி இருந்ததில்லை. அதே ஆண்டில் நாடு முழுவதிலும் கட்டத் தொடங்கிய வீடுகள் ஏறத்தாழ 240,000. வகுத்துப் பாருங்கள். ஒரு புதிய வீட்டுக்கு ஐந்து பேருக்கு மேல் வருகிறது. கனடாவில் ஒரு வீட்டில் சராசரியாக வாழ்பவர்களோ இரண்டரைப் பேர் கூட இல்லை. மேற்றன் தலையில் கை வைத்த கணக்கு இது.

இந்த இடத்தில்தான் ஒரு பொதுவான பேச்சு எழும்புகிறது. "வந்தவர்களாலே எங்கள் சம்பளமும் குறைகிறது, வீட்டு விலையும் ஏறுகிறது" என்பது அந்தப் பேச்சு. எங்கள் ஆட்களின் திருமண வீடுகளிலும் இப்போது இதைக் கேட்கிறேன். நேற்று வந்தவர்களைப் பற்றி முந்தநாள் வந்தவர்கள் சொல்கிறார்கள். இதில் எது உண்மை, எது உண்மையில்லை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. அதற்கு ஒருமுறை அமெரிக்காவின் மயாமி நகருக்குப் போய்வர வேண்டும். பொருளியலாளர்கள் இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு அங்கேதான் கிடைத்தது.

1980ஆம் ஆண்டு சித்திரை தொடக்கம் ஐப்பசி வரையில் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 125,000 பேர் படகுகளில் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேரளவில் மயாமியில் தங்கினார்கள். அந்த நகரத்தின் தொழிலாளர் எண்ணிக்கை சில மாதங்களுக்குள் 7 வீதத்தால் கூடிவிட்டது. டேவிட் காட் என்ற பொருளியலாளர் 1990இல் அந்தக் கணக்குகளை ஆராய்ந்தார். வந்தவர்களால் மயாமியில் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்தவர்களின் சம்பளம் குறிப்பிடத்தக்க அளவு விழவில்லை என்பதே அவருடைய முடிவு. வந்தவர்கள் வேலையை மட்டும் எடுக்கவில்லை, அவர்களும் சாப்பிட்டார்கள், உடுத்தார்கள், அதனால் வேலையும் பெருகியது. தொழிற்சந்தை பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 2021இல் பொருளியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கியூபாவிலேயே பிறந்த ஜோர்ஜ் போர்ஹாஸ் என்ற பொருளியலாளர் பின்னாளில் இதை மறுத்தார். குறைந்த படிப்புள்ளவர்களின் சம்பளம் விழத்தான் செய்தது என்று அவர் வாதிட்டார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் அதே மயாமியில் அல்பேர்ட் சயிஸ் என்ற ஆய்வாளர் வீட்டு வாடகையைப் பார்த்தார். 1979க்கும் 1981க்கும் இடையில் மயாமியின் வாடகை, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற நகரங்களைவிட 8 முதல் 11 வீதம் கூடுதலாக ஏறியிருந்தது. பிறகு வேறு பல நகரங்களையும் எடுத்துப் பார்த்து, நகரச் சனத்தொகையின் 1 வீதத்துக்குச் சமமானோர் வெளிநாட்டிலிருந்து வந்தால் வாடகையும் ஏறத்தாழ 1 வீதம் ஏறுகிறது என்று எழுதினார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வந்தவர்களின் பாரத்தை வேலைத்தலத்தில் தேடினால் காண்பது அரிது. வீட்டு வாசலில் தேடினால் காணலாம். சம்பளம் அசையாவிட்டாலும் வாடகை அசைகிறது. உழைப்பவருடைய கையில் வந்த காசு, மாத முடிவில் காணி வைத்திருப்பவருடைய கைக்குப் போகிறது. எங்கள் பொருளியல் ரீச்சர் கரும்பலகையில் கோடு கீறி விளங்கப்படுத்திய ரிக்காடோவை நினைத்துக்கொள்கிறேன். அவர் 1817இலேயே இதைச் சொன்னார். ஊர் செழிக்கச் செழிக்க அந்தச் செழிப்பின் பெரும்பங்கு காணிக்காரரிடம் போய்ச் சேரும் என்றார். அவர் சொன்னது தானியம் விளையும் நிலத்தைப் பற்றி. இங்கே தானியத்துக்குப் பதிலாக பேஸ்மென்ற்.

அதற்காக, வீட்டு விலை ஏறியதற்கும் வந்தவர்கள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கொவிட் காலத்தைப் பாருங்கள். 2020இல் எல்லைகள் மூடிக் கிடந்தன. நிரந்தர வதிவிட உரிமையோடு வந்தவர்கள் ஏறத்தாழ 184,000 பேர்தான். இருபது வருடத்துக்கு மேலாக அவ்வளவு குறைவாக ஆட்கள் வந்ததில்லை. அந்த நேரத்தில் ரொறன்ரோவில் வாடகை இறங்கியது. ஆனால் வீட்டு விலையோ ஏறிக்கொண்டே போனது. ஏனென்றால் கனடிய மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை 2020 பங்குனியில் 0.25 வீதத்துக்குக் கொண்டுவந்து இரண்டு வருடம் அப்படியே வைத்திருந்தது. மலிவாகக் கடன் கிடைத்தவர்கள் வீட்டுக்கு மேல் வீடு வாங்கினார்கள். 2022 மாசியில் ரொறன்ரோப் பகுதியில் ஒரு வீட்டின் சராசரி விலை 13 இலட்சத்து 30 ஆயிரம் டொலரைத் தொட்டது. ஆட்களின் எண்ணிக்கை வாடகையை அசைக்கும். வட்டி வீதம் விலையை அசைக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வந்தவர்களின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். 1986 ஆவணியில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடிய மீனவர்கள் மீட்ட செய்தி எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பின்னர் வந்தவர்கள்தான் எங்களில் அநேகர். நான் 1990இல் வந்தேன். சென். ஜேம்ஸ் ரவுன் தொடர்மாடியில் இரண்டு அறைக்குள் ஏழு பேர் இருந்தோம். ஒருவர் இரவு வேலை, ஒருவர் பகல் வேலை என்பதால் ஒரே மெத்தை இரண்டு பேருக்கும் போதும். பிறகு ஸ்காபரோ. பிறகு 1996இல் சொந்த வீடு. பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்கிற வீரக்கதை இதுதான். "நாங்கள் இரண்டு வேலை செய்து, கோப்பிகூட வெளியிலே குடிக்காமல் வீடு வாங்கினோம். உங்களுக்கு ஏன் முடியவில்லை?"

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மேசையில் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1989இல் உச்சத்தில் இருந்த ரொறன்ரோ வீட்டு விலை அதற்குப் பிறகு பல வருடம் விழுந்துகொண்டே போனது. 1996இல் சராசரி விலை ஏறத்தாழ 2 இலட்சம் டொலர். அப்போது ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 6 டொலர் 85 சதம். ஒரு வீட்டின் முழு விலைக்கு ஏறத்தாழ 29,000 மணித்தியால உழைப்பு. வருடத்துக்கு 2,000 மணித்தியாலம் என்றால் பதினாலரை வருடம். 2022 மாசியில் அடிப்படைச் சம்பளம் 15 டொலர். வீடு 13 இலட்சத்து 30 ஆயிரம். அதற்கு ஏறத்தாழ 88,000 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அதாவது 44 வருடம். அதற்குப் பிறகு விலை இறங்கியிருக்கிறது, அடிப்படைச் சம்பளமும் சிறிது கூடியிருக்கிறது. இருந்தும் 1996இன் கணக்குக்குக் கிட்டவும் வரவில்லை.

சகோதரிகளே, நாங்கள் உழைத்தோம், அது உண்மை. ஆனால் நாங்கள் வந்த ஆண்டும் எங்களுக்காக உழைத்தது. அதைப் பிள்ளைகளிடம் சொல்ல மறந்துவிட்டோம்.

வீடு ஏன் போதிய அளவு கட்டப்படவில்லை என்று கேட்பீர்கள். காரணம் பல. ரொறன்ரோவில் குடியிருப்புக்கென ஒதுக்கிய காணியின் பெரும்பகுதியில் ஒரு வளவுக்கு ஒரு தனிவீடு என்ற விதிதான் பல பத்தாண்டுகள் இருந்தது. அந்த வளவுகளில் நான்கு குடியிருப்புகள் வரை கட்டலாம் என்று மாநகரசபை அனுமதித்தது 2023 வைகாசியில்தான். ஒரு வீட்டின் அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விடுவது ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் சட்டத்துக்கு மாறானதாகவே இருந்தது. 2024 பங்குனி 31 தொடக்கம்தான் அனுமதிப்பத்திரத்தோடு நகரம் முழுவதும் அப்படி விடலாம். அதுவரை அந்த அறைகளில் ஆட்கள் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள். சட்டத்தின் கண்ணில் படாமல், சிலவேளைகளில் இரண்டாவது வாசலோ புகை எச்சரிக்கை மணியோ இல்லாமல் இருந்தார்கள்.

இன்னொன்று. குறைந்த வாடகை வீடுகளைப் புதிதாகக் கட்டுவதற்குக் கொடுத்துவந்த பணத்தை மத்திய அரசு 1993இல் நிறுத்தியது. பிறகு அந்தப் பொறுப்பை மாகாணம் மாநகரசபைகளின் தலையில் வைத்தது. எத்தனை பேர் வரலாம் என்று தீர்மானிப்பது ஒட்டாவா. வாடகைச் சட்டம் மாகாணத்தின் கையில். எந்த வளவில் எத்தனை வீடு என்பது மாநகரசபையின் கையில். ஆட்களைச் சேர்க்கும் அதிபரும், காசு தரும் சபையும், கட்டில் செய்யும் தச்சரும் ஒரு நாளாவது ஒரே மேசையில் இருந்து கதைக்காவிட்டால் விடுதி என்னாகும்?

இதுவரை அரசாங்கங்களைப் பற்றிப் பேசினேன். இனி என்னைப் பற்றிப் பேச வேண்டும். இந்தப் பகுதியைச் சொல்ல விருப்பமில்லாமல்தான் இருந்தது.

2019இல் மகன் வீடு வாங்க உதவி செய்வதற்கும் எங்கள் பேஸ்மென்றைத் திருத்துவதற்குமாக வீட்டின்மேல் இரண்டரை இலட்சம் டொலர் கடன் எடுத்தோம். மாறும் வட்டி. பேஸ்மென்றை வாடகைக்குக் கொடுத்தோம். வந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். பன்னிரண்டு வயது மகளும் அவவுமாக இருந்தார்கள். என்னைப்போலவே முதியோர் இல்லத்தில் வேலை. எங்கள் இல்லத்தில் அல்ல, வேறொன்றில். அவவுக்கு மணிக்கு 22 டொலர் 50 சதம். வரி போகக் கைக்கு வருவது மாதம் 3,000 டொலருக்குச் சற்றுக் குறைவு. வாடகை 1,300. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலை காசு வந்துவிடும். பனிக்காலத்தில் நான் கேட்காமலே வாசல் பனியைத் தள்ளிவிடுவா.

2022 பங்குனியில் மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. 2023 ஆடியில் அது 5 வீதத்துக்கு வந்துவிட்டது. எங்கள் கடனுக்கு மாதம் 600 டொலராக இருந்த வட்டி ஏறத்தாழ 1,600 டொலர் ஆனது. ஒன்ராறியோவில் இருக்கிற குடியிருப்பாளரின் வாடகையை வருடத்துக்கு அரசாங்கம் சொல்லும் வீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. 2023க்கு அது 2.5 வீதம். ஆனால் 2018 கார்த்திகை 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடிவந்த வீடுகளுக்கு அந்த வரையறை இல்லை. எங்கள் பேஸ்மென்ற் 2019. சட்டத்தை ஆறுதலாக வாசித்துவிட்டு, முறைப்படி 90 நாள் அறிவித்தல் கொடுத்து, வாடகையை 1,700 ஆக்கினேன். அக்கம்பக்கத்தில் அதைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். ஆகவே நான் நல்லவள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அவ ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மாதம் கொடுத்தா. சம்பளத்தில் பாதிக்கும் மேலே. எட்டாம் மாதம் அல்பேர்ட்டாவில் எட்மன்டன் நகரத்திலிருந்த தன் தங்கையிடம் போய்விட்டா. அல்பேர்ட்டா அரசாங்கம் 2022 தொடக்கம் ரொறன்ரோவின் ரயில்களிலும் நிலையங்களிலும் "எங்களிடம் வாருங்கள், வீடு மலிவு" என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த விளம்பரத்தை நான் பார்த்துச் சிரித்தவள். என் பேஸ்மென்றிலிருந்தே ஒருவர் எழும்பிப் போவா என்று நினைக்கவில்லை.

அதே மாதங்களில் அலுவலகத்தில் என் மேசையில் இன்னொரு கணக்கு வந்து குவிந்தது. எங்கள் இல்லத்துப் பணியாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். கடிதங்களில் காரணம் எழுதமாட்டார்கள். நேரே கேட்டால் சொல்வார்கள். ஒருவர் ஒஷாவாவுக்கு அப்பால் வீடு எடுத்திருக்கிறார், காலை ஆறு மணி வேலைக்கு வந்துசேர முடியாது. இன்னொருவர் வின்சருக்குப் போகிறார். இடத்தை நிரப்ப முகவர் நிறுவனங்களிடமிருந்து நாளாந்தம் ஆட்களை எடுத்தோம். அந்த நிறுவனங்களுக்கு நாங்கள் கட்டிய மணிக்கட்டணம் எங்கள் சொந்தப் பணியாளரின் சம்பளத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அவ்வளவு காசு போயும், மறதி நோயுள்ள ஒரு மூதாட்டியைத் தினம் ஒரு புதிய கை குளிப்பாட்டியது. அவருடைய பயத்தை எந்தப் பட்டியலிலும் நான் எழுதவில்லை.

அப்போதுதான் விளங்கியது. ஒரு பிராந்தியத்தின் பொருளாதாரம் என்று புத்தகத்தில் படித்தது என் வீட்டுப் படிக்கட்டுக்கு மேலும் கீழுமாகத்தான் இருந்திருக்கிறது. மேலே வட்டி ஏறுகிறது. கீழே வாடகை ஏறுகிறது. உழைப்பவர் போகிறார். வேலைத்தலம் கூடுதல் விலை கொடுக்கிறது. சேவை மோசமாகிறது. அந்தச் செலவு வரியாகவும் கட்டணமாகவும் திரும்ப எல்லாரிடமும் வருகிறது. நான் கூட்டிய 400 டொலரை யார் யாரெல்லாம் கட்டினார்கள் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

வேலை கொடுப்பவரே வீட்டையும் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அதற்கும் இந்த மாகாணத்திலேயே உதாரணம் உண்டு. 1966இல் யமேக்காவுடன் தொடங்கிய பருவகாலப் பண்ணைத் தொழிலாளர் திட்டத்தில் மெக்சிக்கோ 1974இல் சேர்ந்தது. லீமிங்டன் பகுதியின் கண்ணாடிக் கூடங்களில் தக்காளியும் வெள்ளரியும் பறிப்பவர்களில் பலர் அப்படி வந்தவர்கள். தங்குமிடம் முதலாளியின் பொறுப்பு. ஆனால் அனுமதி ஒரு முதலாளிக்கு மட்டும் என்றிருக்கும்போது, வேலையில் வாய் திறந்தால் படுக்கையும் போய்விடலாம். விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் அற்றன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் தலைமுறை தலைமுறையாக இருந்தும், அது தங்களுக்குச் சொந்தமில்லை, வேலைக்குப் போனால்தான் அறை என்று அவள் சொன்னபோது எனக்கு அப்போது விளங்கவில்லை. உழைப்பவரை முதலாளியின் கூரைக்குள் கட்டிவைப்பதும் பிழை. சந்தையின் நடுவே கூரையில்லாமல் விடுவதும் பிழை. இரண்டிலும் உழைப்பை மட்டும் அழைத்துவிட்டு, உழைப்போடு ஒரு மனிதரும் வருகிறார் என்பதை மறந்துவிடுகிறோம்.

இப்போது கனடா கதவை ஒடுக்கியிருக்கிறது. 2024 தையில் சர்வதேச மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்தது. அதே ஆண்டு ஐப்பசியில், 2025க்கு 500,000 ஆக இருந்த நிரந்தர வதிவிட இலக்கை 395,000 ஆகக் குறைத்தார்கள். வாடகையும் சற்று இறங்கியிருக்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒன்ராறியோக் கல்லூரிகள் பல, வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தை நம்பியே ஓடிக்கொண்டிருந்தன. மாகாணம் 2019இல் உள்நாட்டு மாணவர் கட்டணத்தை 10 வீதம் குறைத்து, பிறகு உயராமலும் வைத்திருந்தது. இப்போது பாடநெறிகள் மூடப்படுகின்றன, விரிவுரையாளர்கள் வேலை இழக்கிறார்கள். புதிய தொடர்மாடி வீடுகளின் விற்பனை பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்கு விழுந்துவிட்டது. விற்காவிட்டால் கட்டமாட்டார்கள். இன்றைக்குக் கட்டத் தொடங்காத வீடு நாலைந்து வருடத்துக்குப் பிறகு இல்லாத வீடு. அதைக் கட்ட வேண்டிய மேசன்மாரும் தச்சர்களும்கூட வெளியிலிருந்துதான் வர வேண்டும். குழாயை அகலத் திறப்பதும் இறுக்கிப் பூட்டுவதும் ஒரு திட்டம் ஆகாது. வருகிறவரின் எண்ணிக்கையையும் கூரைகளின் எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

அரசாங்கங்கள் செய்ய வேண்டியதை வாக்களிக்கும்போது கேட்போம். நாங்கள் செய்யக்கூடியவை சிலவும் உண்டு. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்ற பழமொழியை முழுதாக நம்பி வாழ்ந்தவர்கள் நாங்கள். இந்த மண்டபத்தில் வீட்டுக்காரர்களாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கையை உயர்த்தச் சொல்லப் போவதில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியும். இலண்டனிலும் சிட்னியிலும் மெல்பேணிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப் போகும் சகோதரிகளுக்கும் தெரியும்.

முதலாவது, உங்கள் தெருவில் நான்கு குடியிருப்புக் கட்ட ஒருவர் விண்ணப்பித்தால், வாகனம் நிறுத்த இடமில்லை என்று சொல்லி எதிர்த்துக் கையெழுத்து வைக்காதீர்கள். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எங்களைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டாவது, வாடகைக்குக் கொடுத்தால் எழுத்தில் உடன்படிக்கை, வாங்கிய காசுக்குப் பற்றுச்சீட்டு, புகை எச்சரிக்கை மணி, வெளியேற இன்னொரு வழி. இவை தயவு அல்ல, கடமை. மூன்றாவதாக இந்தச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. நூற்றாண்டு நினைவாக ஊரில் மண்டபம் கட்டுகிறோம். மகிழ்ச்சி. அதோடு இன்னொரு சிறிய வேலையும் செய்வோம். படிக்கவும் உழைக்கவும் இங்கே வரும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்காக, அங்கத்தவர்களின் வீடுகளில் நியாயமான வாடகைக்கு உள்ள அறைகளின் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருக்கட்டும். ஒரு வருடத்துக்கு வாடகை ஏற்றுவதில்லை என்ற ஒரே நிபந்தனையோடு. பிறகு வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்தப் பட்டியலைத் திறந்துவிடலாம். ரொறன்ரோவின் வீட்டுப் பிரச்சினை இதனால் தீராது. ஆனால் சில பிள்ளைகள் முதல் வருடத்தை நிம்மதியாகக் கடப்பார்கள்.

அந்தப் பட்டியலில் முதலாவதாக என் பேஸ்மென்றை எழுதிக்கொள்ளுங்கள். வாடகை 1,300 டொலர். செயலாளரிடம் இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு இந்த வருடப் புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினேன். மகள் பத்தாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறாள் என்று பதில் போட்டிருந்தா. வாடகை பற்றி இருவரும் ஒன்றும் எழுதவில்லை.

விடுதியில் கட்டில் வரும்வரை எங்கள் கட்டிலில் பாதியைப் புதுப் பிள்ளைக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தோம். ஆனாலும் கொடுத்தோம். நூறு வருடமாக எங்கள் கல்லூரி எங்களுக்குப் பழக்கியவற்றில் அதுவும் ஒன்று.